மாசிக்காய் மையும் நிறக்கலவையும்

நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியாற் கீறிக் கரி பூசிப் படித்த காலத்தில், மேலைநாட்டார் தோலிலும் தாளிலும் மையால் எழுதினர். அம்மையின் சரக்குகள் நமக்குப் புதியவை அல்ல. மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின் ஆகிய மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்பனவே. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க விவிலியப் படியான சினாய்ச் சுவடி இவ்வகை மையால் எழுதப்பட்டதே.

மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் கூடிய புதுநீர் வெளிறியே இருக்கும். தாளில் ஊறிக் காற்றுப் பட்ட பின்னரே கருக்கும். முன்னரே கருக்க வைத்த மையில் வண்டல் படியும். அது தாளினுள் நன்கு ஊறுவதும் இல்லை. புதுநீரோ ஆழ ஊறும்; ஆனால் எழுதும்போது கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாது. இவ்விடர் தீரவே சாயம் சேர்க்கும் வழக்கம் வளர்ந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து லியோன்ஹார்டி, அவுரி நீலத்தையும் மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயத்தையும் சேர்த்து, 1856இல் 'அலிசரின் மை' எனக் காப்புரிமை பெற்றார். நீலமாய்ப் பாய்ந்து கருமையாய் நிலைக்கும் இத்தகைய மைகளுக்கே 'நீலக்கருப்பு' என்னும் பெயர் பொருந்தும்.

இரும்பும் அமிலமும் குறைத்துச் செய்த இவ்வகை மைகள் இன்றும் ஊற்றுப் பேனாவுக்குக் கிடைக்கின்றன. ஜெர்மனியின் ரோரர் - கிளிங்னர் நிறுவனத்தார் செய்யும் சாலிக்ஸ் நீலம், ஸ்கேபியோசா ஊதா. இரண்டையும் வேண்டிய அளவிற் கலந்து இடைப்பட்ட நிறங்களைப் பெறலாம். ஆயினும் இன்னதை இன்னதோடுதான் சேர்க்கலாம் என்னும் வரையறை உண்டு. காரத்தன்மையுள்ள மையோடு சேர்த்தால் இரும்பு வண்டலாய்ப் பிரிந்து பேனாவை அடைக்கும். எனவே ஓரினத்து மைகளையே சிறு கண்ணாடிக் குப்பியில் துளிக்கணக்கிற் கலந்து, சில நாள் வைத்து, வண்டல் இல்லையெனக் கண்ட பின்னரே பேனாவில் நிரப்புதல் நன்று.

இரும்பும் அமிலமும் மிகுந்தாலும் கேடே. இசைமேதை பாக் தம் கைப்பட எழுதிய இசைத்தாள்கள் பலவற்றை அம்மையே அரித்தது. அவற்றைக் காக்க பெர்லின் அரசு நூலகம் பெருமுயற்சி மேற்கொள்ள நேர்ந்தது.

நாம் விரும்பிக் கலக்கும் சாயம் ஒளியில் மங்கி மறையக் கூடியது. இரும்பின் கருமையோ, நூற்றாண்டுகளிற் பழுப்பேறினும், எழுத்தை விட்டு எளிதில் நீங்காது. வாழ்த்துமடலுக்கு எந்நிறமும் தகும். குடும்ப வழிமுறையையும் முன்னோர் பெயர்களையும் எழுதி வைப்போர், தம் கண்ணுக்கு இனிய நிறத்தோடு, பெயரர் கண்ணுக்கு எஞ்சும் கருமையையும் எண்ணி மையைத் தேர்தல் வேண்டும்.