தீவுக்குப் போன ரயிலும் நம் பக்கத்து ஜனங்களும்



பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போகும் வீடியோவை உங்களில் பலர் அனுப்பியிருந்தீர்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த பாலம் அது. நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி லிப்ட் போல மேலே எழும்பி, கப்பலுக்கு வழிவிடுகிறது. சரி, நூறு வருஷத்துக்கு முன்பே அந்தத் தீவுக்கு ஏன் ரயில் விட்டார்கள்? ராமேஸ்வரம் யாத்திரைக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை.

பழைய பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24-ல். அந்த ரயில் தீவின் கோடியான தனுஷ்கோடி வரை போனது. அங்கே கப்பல் காத்திருக்கும். சுமார் 35 கிலோமீட்டர் கடல் தாண்டினால் தலைமன்னார். அதுவும் ஒரு தீவுதான், மன்னார்த் தீவு. அங்கிருந்து கொழும்புக்கு வேறு ரயில். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். இதுதான் 'போட் மெயில்'.

துரைமார்களும் வியாபாரிகளும் அதில் போனார்கள். கூலி வேலைக்குப் போன நம் ஜனங்களும் ஆயிரக்கணக்கில் இதே வழியில்தான் போனார்கள். சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களில் மழை பொய்த்த வருஷங்களில் கங்காணி வந்து ஆள் திரட்டுவான். திருச்சியில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பவே ஒரு கமிஷன் அலுவலகம் இருந்தது. மண்டபம் முகாமில் காலரா, அம்மை இருக்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்த்து, பிறகுதான் கப்பல் ஏற்றுவார்கள். ரயில் வருவதற்கு முந்திய தலைமுறை தோணியில் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தது. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். ரயில் காலத்தில் அந்தக் கொடுமை இல்லை. கடன் மட்டும் இருந்தது. ஆரம்ப வருஷங்களில் பயணச் செலவு கூலியாள் தலையில்தான் கடனாக ஏறியது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் சிறு வயதில் பெரியவர்கள் 'கண்டிச் சீமை' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். என் பாட்டியின் அண்ணன் ஒருவர் அப்படிப் போனவர். திரும்பவே இல்லை.

1964-ல் இரண்டு சம்பவங்கள். அக்டோபர் 30-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம்: தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று முடிவானது. அவர்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல. இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் அதைச் சீர்படுத்தினார். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் அவர்தான். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. புளோரிடாவில் தீவு தீவாகப் பாலம் கட்டி 1912-ல் கீ வெஸ்ட் வரை ரயில் விட்டார்கள். 1935 புயலில், ஜனங்களைக் காப்பாற்றப் போன ரயிலையே கடல் புரட்டிப் போட்டது. இன்று அங்கே ரோடுதான். தனுஷ்கோடியிலும் 2017 முதல் ரோடுதான்.

புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் அதில் வந்திறங்கி, அதே பாலம் தாண்டி, அதே மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். தாத்தா போன பாதையில் பேரன் திரும்பினான். ஆனால் பேரனுக்கு இந்த ஊர் தெரியாது. ஊருக்கும் அவனைத் தெரியவில்லை. 'சிலோன்காரன்' என்று பேர் வைத்தோம்.

1980-களில் அந்தக் கப்பலும் நின்றது. போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையை இந்திய உதவியோடு 2015-ல் மீண்டும் திறந்தார்கள். இன்று இரு கரையிலும் ரயில் பாதை இருக்கிறது. நடுவில் உள்ள கடலைத் தாண்டத்தான் கப்பல் இல்லை.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் யாராவது கண்டிச் சீமைக்குப் போனார்களா என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். பெயர், ஊர், தோட்டம் என்று தெரிந்ததை எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள்.