பாக்குத் தீவும் அடையாற்று ஆராய்ச்சியும்



தைப்பூசத்திற்குத் தோட்டத்திலிருந்து பினாங்கு வரும் குடும்பங்கள், தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டு, லிட்டில் இந்தியாவிலும் ஒரு நடை நடந்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது வழக்கம். பிள்ளைகளுக்கு வளையல், பலகாரம். லயத்தில் காத்திருக்கும் பாட்டிக்கோ வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே புகையிலை. மலாய் மொழியில் 'பினாங்' என்றாலே பாக்குதான். இம்மாநிலத்தின் கொடியிலும் பாக்குமரமே நிற்கிறது.

இந்தப் பாக்கு நம் வாய்க்குள் என்ன செய்கிறது என்று உலகம் தெளிவாகச் சொல்வதற்கு நூறு ஆண்டுகள் ஆயின. அந்த நூறாண்டுக் கதையின் நடுவே சென்னைத் தமிழ்ப் பெண்மணி ஒருவர் நிற்கிறார். அவர்தாம் டாக்டர் வி. சாந்தா.

1902-ஆம் ஆண்டிலேயே நிப்லாக் என்னும் மருத்துவர், சென்னையில் கன்னப் புற்றுநோய்க்கும் வெற்றிலை போடுவதற்கும் தொடர்பிருக்கலாம் என்று எழுதினார். 1933-இல் ஆர் என்னும் மருத்துவர் திருவிதாங்கூர் நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். ஆனால் அன்று தாம்பூலம் போடாதவர் யார்? நோய் வந்தவரும் போட்டார், வராதவரும் போட்டார். பின் எதைக் குற்றவாளி என்பது?

இங்கேதான் சாந்தா வருகிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாமல், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது இருந்தவை பன்னிரண்டே படுக்கைகள். மறு ஆண்டில் சாந்தா அங்கே சேர்ந்தார். அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அவரும் நோயாளிகளிடம் பேச்சுக் கொடுத்து, பழக்கங்களைக் கேட்டுக் குறித்தார்கள். நோயில்லாதவர்களின் பழக்கங்களோடு அவற்றை ஒப்பிட்டார்கள். அதன் பயனாக 1959-இல் 'பிரிட்டிஷ் புற்றுநோய் இதழி'ல் ஒரு கட்டுரையும், 1963-இல் அதே வழியில் இன்னொன்றும் வெளிவந்தன. புகையிலை சேர்த்த தாம்பூலம் சந்தேகத்திற்குரியது என்ற நிலை மாறி, அதன்மேல் சான்றோடு குற்றம் சாட்டப்பட்டது.

ஓர் ஆராய்ச்சியாளர் எத்தனை கட்டுரை எழுதினார் என்று எண்ணுவது இன்றைய வழக்கம். எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவாக நம்பிக்கையில்லை. எழுதியதைப் பிறர் எடுத்து மேலே கொண்டு போனார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சாந்தாவின் கட்டுரைகளை அப்படிக் கொண்டு போனார்கள். 1966-இல் ஜப்பானியரான ஹிராயாமா, நம் தென்கிழக்காசிய வட்டாரத்தையும் சேர்த்து ஆராய்ந்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் வெளியீட்டில் எழுதினார். எத்தனை முறை மெல்கிறோமோ அத்தனைக்கு ஆபத்து கூடுகிறது என்றார். கன்னத்தில் அதக்கிக்கொண்டே உறங்குவோருக்கு அது பன்மடங்கு என்றும் கண்டார். நம் வீட்டுப் பாட்டிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பழக்கம்!

1985-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இச்சான்றுகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என அறிவித்தது. அடையாற்றுக் கட்டுரைகளும் அந்தச் சான்றுகளில் இருந்தன. புகையிலை சேர்க்காத தாம்பூலத்தைப் பற்றி மட்டும் அன்று போதிய சான்று இல்லை. "நான் புகையிலை போடுவதில்லை, எனக்கென்ன?" என்று சொன்னவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. தைவானில் புகையிலை சேர்க்காமல் பாக்கு மெல்லும் மக்களிடமும் வாய்ப் புற்று மிகுந்திருப்பது தெரிந்த பின், 2004-இல் வெளிவந்த தொகுதியில் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று எழுதப்பட்டது. பாவம், வெற்றிலை! அந்த இலையின்மேல் இத்தகைய தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை.

சாந்தா 2005-இல் மகசேசே விருதும், 2016-இல் பத்மவிபூஷண் விருதும் பெற்றார். 2021 ஜனவரி 19-இல், தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறையும்வரை மருத்துவமனையை விட்டு அவர் விலகவில்லை.

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனப் பெண்களைவிட இந்தியப் பெண்களிடையே அதிகம். அதனால்தான் 1990-களின் பிற்பகுதியில் அரசாங்கப் பல் மருத்துவக் குழுவினர் தோட்டங்களைத் தேடி வரத் தொடங்கினர். வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், சோற்றுக் கவளம் நுழையாதபடி இறுகிய வாய் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பார்க்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "வெற்றிலை பாக்குப் போடுவதுண்டா அம்மா? எத்தனை வருஷமாக?" அடையாற்றில் சாந்தா தம் நோயாளிகளிடம் கேட்டதும் இதைத்தான்.