தண்டநாயகன் கங்கராஜனின் ஏழு நரகங்கள்

மலருக்குத் தலைமைப் பண்பு பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது, "நான் பாத்திரக்கடைக்காரன், என்கிட்டப் போய்க் கேக்கறீங்களே" என்றேன். "சிரவணபெளகொளா, கல்வெட்டுன்னு அலையறீங்களே, அதுல ஒரு தளபதிகூடவா கிடைக்கலை?" என்று மடக்கிவிட்டார். கிடைத்தான், ஆனால் நம்மவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தக்கூடியவன்.

ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் கங்கராஜன். சமணன். காவிரிக்கரைத் தலைக்காடு அப்போது சோழர் வசம். ராஜராஜபுரம் என்று பெயரே மாறியிருந்தது. அதைக் காத்து நின்றவன் அதியமான். ஊரை ஒப்படைக்கச் சொன்னபோது, சண்டையிட்டு எடுத்துக்கொள் என்று அவன் பதில் சொன்னதாகக் கன்னடக் கல்வெட்டே கூறுகிறது. தோற்றவனின் மிடுக்கையும் எழுதிவைத்திருக்கிறார்கள், பாருங்கள். 1116இல் தலைக்காடு விழுந்தது. கங்கவாடியிலிருந்து திகுளரை விரட்டினான் என்று அவனைப் புகழ்கிறார்கள். திகுளர் என்றால் வேறு யாருமில்லை, நாம்தான்!

முதன்முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். தமிழனாகப் பார்த்தால் தோற்ற கட்சி, சமணனாகப் பார்த்தால் ஜெயித்த கட்சி. எதிலே சேர்வது? அதோடு, எறும்புக்கும் வழிவிடுகிற சமயத்தில் பிறந்தவனுக்கு வாள் எதற்கு? இல்லறத்தான் தற்காப்புக்காகச் செய்யும் கொலையை விரோதி ஹிம்சை என்று பிரித்து, அதற்குச் சலுகை தருகிறார்கள் நம் பெரியோர். தலைக்காட்டுச் சண்டை அந்தக் கணக்கில் அடங்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. படையெடுத்துப் போனவன் கங்கராஜன்தானே.

மறுபடி புத்தகத்தைத் திறக்க வைத்தது கண்ணேகால் சண்டை. 1118வாக்கில் சாளுக்கிய விக்கிரமாதித்தனின் படை பன்னிரண்டு சாமந்தர்களோடு அங்கே பாசறை இறங்கியிருந்தது. கங்கராஜன் இரவிலேயே குதிரைப்படையை ஏவித் தாக்கிச் சிதறடித்தான். கைப்பற்றிய பொருளையும் வாகனங்களையும் அப்படியே மன்னனிடம் சேர்த்தான். கணக்கில் கைவைக்காத ஆள் என்று வியாபாரியான எனக்கு முதலில் தோன்றியது அதுதான். மகிழ்ந்துபோன மன்னன், வேண்டியதைக் கேள் என்றான். கங்கராஜன் கேட்டது பரமம் என்ற ஒரே ஒரு கிராமம். அதையும் தன் தாய் போசலதேவியும் மனைவி லட்சுமியும் கட்டிய பஸதிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.

இவன் கொள்கையாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. சமணத்தில் நரகம் ஏழு. கங்கராஜனுக்கோ அந்த ஏழு நரகங்களும் இந்தப் பூமியிலேயே இருந்தன: பொய் பேசுவது, போரில் அஞ்சுவது, பிறன்மனை நாடுவது, அடைக்கலம் வந்தவரைக் கைவிடுவது, இரந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது, தன்னைச் சார்ந்தவரை விட்டுவிடுவது, ஆண்டவனுக்குத் துரோகம் செய்வது. ஆண்டவன் என்றது அரசனை. வாழ்நாளெல்லாம் போர்க்களத்தில் கழித்த மனிதன். ஆனாலும் ஏழில் ஒன்றுதான் போர்க்களத்துச் சமாசாரம். மற்றதெல்லாம் பாசறையிலும் வீட்டிலும் வாசலிலும் நடப்பவை. வாள் வீச்சு, வியூகம், யானைப்படை எதுவும் பட்டியலில் கிடையாது.

நான்காவது நரகத்தைப் படித்தபோது எனக்கு 1991 டிசம்பர் ஞாபகம் வந்தது. காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரில் இருந்த பழைய அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்போது எனக்கு முப்பது வயது, கைக்குழந்தை வேறு. பக்கத்துக் கடைக்காரர் கன்னடக்காரர், அரிசி வியாபாரி. எங்களைத் தன் கோடவுனில் மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு ராத்திரி வைத்திருந்தார். வாசலுக்கு வந்து கேட்டவர்களிடம் ஷட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடியே, யாருமில்லை என்றார். கங்கராஜன் கணக்குப்படி அது முதல் நரகம். நான்காவதற்குத் தப்ப முதலாவதில் காலை வைத்தவர் அவர். பெரிய தண்டநாயகனும் அவ்விடத்தில் அதைத்தான் செய்திருப்பான் என்பது என் துணிபு.

2018 மகாமஸ்தகாபிஷேகக் கூட்டமெல்லாம் ஓய்ந்தபிறகு அவரை விந்தியகிரிக்குக் கூட்டிப்போனேன். மூச்சு வாங்க ஏறினார். சுற்றாலயத்தைக் காட்டி, இதைக் கட்டியவன் எங்களைத் தலைக்காட்டிலிருந்து விரட்டியவன் என்றேன். பதறிப்போய், "ச்சே, பிடி சாமி" என்றார். கோமடேசுவரர் காலடியில், சாமுண்டராயன் செய்வித்த செய்தி கன்னடத்திலும் மராத்தியிலும் தமிழிலும் வெட்டியிருக்கிறது. எது தமிழ் என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.