விதியும் குரலும்: ஜெற் விமானத் தரையிறக்க நெறிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வான்பயணத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் எழுச்சியின் வரலாற்றையே எழுதியுள்ளனர். 1903இல் றைற் சகோதரர் மேலெழுந்தமை, 1947இல் ஒலியின் வேகம் கடக்கப்பட்டமை என்பனவே அவ்வரலாற்றின் மைல்கற்களாகப் போற்றப்படுகின்றன. இறங்குதலின் வரலாறு அத்துணைக் கவனம் பெறவில்லை. ஆயினும், பயணிகள் விமான விபத்துக்களிற் பெரும்பகுதி, பயண நேரத்தின் மிகச் சிறு கூறாகிய இறுதி அணுகல், தரையிறக்கம் ஆகிய கட்டங்களிலேயே நிகழ்ந்துள்ளது. இன்று கைக்கொள்ளப்படும் இறங்கு நெறிகள் எவ்வாறு தோன்றின, அவை கருவிகளின் வளர்ச்சியால் மாத்திரம் உருவானவையா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அந்நெறியின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம். 35,000 அடி உயரத்திற் பறக்கும் ஜெற் விமானமொன்று, விமான நிலையத்துக்கு 100 கடல் மைலுக்கும் அப்பாலிருந்தே இறங்கத் தொடங்குகின்றது. கடல் மைல் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 அடி, அதாவது 3 பாகைச் சரிவு என்பது விமானிகளின் பொதுக் கணக்காகும். வழியின் ஒவ்வொரு பகுதிக்கும், அதற்குக் கீழே செல்லலாகாத உயரமொன்று வரைபடத்தில் விதிக்கப்பட்டிருக்கும். வேகம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, சிறகின் மடல்கள் விரிக்கப்பட்டு, சக்கரங்கள் இறக்கப்படும். கருவி வழியான சாதாரண அணுகலில், தரைக்கு மேல் 200 அடியில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ புலப்படாவிடின், விமானி இறங்குதலைக் கைவிட்டு மீண்டும் மேலெழுதல் வேண்டும்.

இந்நெறியின் தொழில்நுட்ப அடிப்படை மிக விரைவாக வளர்ந்தது. 1929 செப்ரெம்பர் 24இல் அமெரிக்கரான ஜேம்ஸ் டூலிற்றில், வெளியே எதனையும் காணாதவாறு மூடப்பட்ட இருக்கையிலிருந்து கருவிகளை மாத்திரம் நம்பி விமானமொன்றை ஏற்றி இறக்கிக் காட்டினார். பின்னர் ஓடுபாதையின் நேர்கோட்டையும் இறங்கு சரிவையும் காட்டும் இரு வானொலிக் கற்றைகளைக் கொண்ட முறை உலகப் பொதுவாயிற்று. 1965 யூன் மாதம் பிரித்தானிய ட்றைடன்ற் விமானமொன்று, பயணிகளுடன் இலண்டன் ஹீத்றோவில் தன்னியக்க முறையில் தரைதொட்டது. இறங்குதற் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே அன்று தோன்றியிருக்கும்.

ஆனால் அதே ஆண்டு நவம்பர் 11இல், அமெரிக்காவின் சோல்ற் லேக் நகரில் போயிங் 727 விமானமொன்று ஓடுபாதைக்கு முன்னரே தரையில் மோதியது. 91 பேரில் 43 பேர் மாண்டனர். அன்றிரவு வானம் தெளிவாயிருந்தது, இயந்திரங்களிலும் பழுதில்லை. நிமிடத்துக்கு 2,000 அடிக்கும் அதிகமான வேகத்தில் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. துணை விமானி இயந்திர விசையைக் கூட்ட முனைந்தபோது தலைமை விமானி அவரது கையைத் தடுத்துவிட்டார். பழைய விசிறி விமானங்களின் இயந்திரம் உடனடியாக ஈடுகொடுக்க வல்லது. ஜெற் இயந்திரமோ தாழ்ந்த சுழற்சியிலிருந்து முழுவிசை பெறச் சில விநாடிகள் கொள்ளும். அச்சில விநாடிகள் அங்கே கிடைக்கவில்லை. முகிலிடையே 1,000 அடிக்கும், தெளிவான வானில் 500 அடிக்கும் மேலேயே வேகம், சரிவு, விசை ஆகிய யாவும் நிலைபெற்றிருத்தல் வேண்டும், இன்றேல் இறங்குதலைக் கைவிடல் வேண்டும் எனப் பிற்காலத்தில் வகுக்கப்பட்ட விதியின் பின்னணியில் இத்தகைய விபத்துக்களே உள்ளன.

1974 டிசெம்பர் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம். முதலாந் திகதி, வாஷிங்ரனின் டலஸ் விமான நிலையத்தை நாடிய மற்றொரு போயிங் 727 வேர்ஜீனியாவின் மலையொன்றில் மோதி 92 பேரும் இறந்தனர். அணுகலுக்கு அனுமதி என்ற சொற்றொடரைக் கேட்ட விமானிகள், 1,800 அடிவரை இறங்கத் தடையில்லை எனப் பொருள்கொண்டனர்; மலையைத் தவிர்ப்பது விமானிகளின் பொறுப்பென்பது கட்டுப்பாட்டாளரின் கருத்து. ஒரே சொற்றொடர் இரு பொருள் தந்தது. ஆறு வாரங்களுக்கு முன்னர் அதே இடத்தில் வேறொரு நிறுவனத்தின் விமானம் மயிரிழையில் தப்பியிருந்தது. அச்செய்தி அந்நிறுவனத்துக்கு வெளியே பரவவில்லை.

மூன்று நாட்களின் பின், டிசெம்பர் 4இல், அதே துயரம் நம் மலையகத்தில் நிகழ்ந்தது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றி, கட்டுநாயக்காவை நோக்கி இறங்கிய டச்சு நிறுவனமொன்றின் டிசி-8 விமானம், மஸ்கெலியாவை அண்டிய ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானத்தின் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியமையே காரணமென விசாரணை கண்டது. விமான நிலையம் அண்மித்துவிட்டது என எண்ணியோருக்கு முன்னே இருந்தது 4,000 அடிக்கும் மேற்பட்ட மலைச்சரிவு.

டலஸ் விபத்தையடுத்து, தரை அண்மித்தலை ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவியை அமெரிக்க அரசு பெரிய ஜெற் விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது. கட்டுப்பாட்டாளரின் சொற்றொடர்களும் திருத்தப்பட்டன. தவறுகளைத் தண்டனை அச்சமின்றி அறிவிக்கும் முறையொன்று 1976இல் அங்கு தொடங்கப்பட்டது. எனினும் 1978 நவம்பர் 15இல், ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய யாத்திரிகரோடு வந்த ஐஸ்லாந்து நிறுவனத்தின் டிசி-8 கட்டுநாயக்கா ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டனர். துணை விமானி உயரத்தையும் இறங்கு வேகத்தையும் உரத்துக் கூறத் தவறினார், தலைமை விமானி உரிய நேரத்தில் மீண்டும் மேலெழத் தவறினார் என்பது இலங்கை விசாரணையின் முடிபு. நிலையத்தின் வழிகாட்டுக் கருவிகளிலேயே குறையிருந்தது என ஐஸ்லாந்துத் தரப்பு மறுத்தது. எத்தரப்பைக் கொள்ளினும், கூறப்படவேண்டிய சொல் கூறப்படாதபோது விதி ஏட்டிலேயே நின்றுவிடுகின்றது என்பது தெளிவு.

அதே ஆண்டு டிசெம்பரில் போட்லன்ட் நகரில் நிகழ்ந்த விபத்து இதனை மேலும் உறுதிசெய்தது. சக்கரக் கோளாறொன்றை ஆராய்ந்தவாறு சுற்றிக்கொண்டிருந்த விமானத்தில் எரிபொருள் தீர்ந்தது. அது தீர்ந்துவருவதைத் துணையாளர் அறிந்திருந்தும், தலைமை விமானி உணருமாறு வலியுறுத்தவில்லை. இதன் விளைவாகவே, கீழ்நிலையாளர் துணிந்து பேசவும் மேல்நிலையாளர் செவிசாய்க்கவும் பயிற்றும் முறை 1981இல் அமெரிக்க நிறுவனமொன்றில் தொடங்கி உலகெங்கும் பரவியது. 10,000 அடிக்குக் கீழே தொழிலுக்குப் புறம்பான பேச்சைத் தடுக்கும் விதியும் அவ்வாண்டினதே.

1990களில் வந்த, நிலவரைபடத்தை நினைவிற் கொண்ட எச்சரிக்கைக் கருவியே மலைமோதல்களைப் பெரிதுங் குறைத்தது என வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆயினும் கருவியின் குரலும் ஒரு குரலே. அதனை ஏற்கும் மனப்பாங்கின்றேல் அதனாற் பயனில்லை. எனவே இறங்கு நெறிகளின் வரலாறு, பொறிகளின் வரலாறு மட்டுமன்று. அதிகாரத்தின் முன் உண்மையைக் கூறும் உரிமை, உரிமை என்ற நிலையையும் கடந்து கடமையாக மாறிய வரலாறுமாகும். வேர்ஜீனியாவிலும் ஏழு கன்னியர் மலையிலும் கட்டுநாயக்காவிலும் மாண்டோர் அம்மாற்றத்துக்குக் கொடுத்த விலை பெரிது. கற்றோர் அவை உட்பட, மூத்தோர் சொல்லே முடிவெனக் கொள்ளும் எந்த அவைக்கும் இவ்வரலாறு புறம்பானதன்று.