காலுக்கேற்ற கருவி

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் ஹெப்பகோடி வருகிறது. ஒருகாலத்தில் ஆனேக்கல் வட்டத்துச் சிற்றூராக இருந்த இது, இன்று ஆலைகள் சூழ்ந்த நகரம். பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர் பலர் இங்கே குடியிருக்கின்றனர். இத்தகைய தொழில் நகரில் இயந்திரத்தில் சிக்கிக் கை இழந்தவரும், சாலை விபத்தில் கால் இழந்தவரும், பிறவியிலேயே செவிப்புலன் குன்றியவரும் இருப்பது இயல்பே. அத்தகையோர்க்கு உதவும் கருவிகள் நம் நாட்டில் எவ்வாறு உருப்பெற்றன என்பதை இன்று சிந்திப்போம்.

ஊன்றுகோல் மிகப் பழமையானது. செயற்கைக்காலோ நமக்கு மேனாட்டிலிருந்து வந்தது. ஆனால் அந்நாட்டுப் பாதம் காலணிக்குள் நுழைப்பதற்கென்றே அமைந்தது. சம்மணமிட்டு உண்பதற்கோ, குந்தி அமர்வதற்கோ, வெறுங்காலுடன் சேற்று வயலில் நடப்பதற்கோ அது இடங்கொடுக்கவில்லை. ஆகவே, அதனைப் பெற்றவரிற் பலர் மூலையில் வைத்துவிட்டு, மீண்டும் ஊன்றுகோலையே நாடினர். குறை அவர்களிடம் இல்லை, கருவியிலேயே இருந்தது.

இதனை உணர்ந்தவர்கள் ஜெய்ப்பூர் நகரத்து மருத்துவர் பி. கே. சேத்தியும், கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் ஆவர். இரப்பரைச் சூட்டில் இறுக்கும் முறையைக் கையாண்டு, 1968-ஆம் ஆண்டளவில் இவர்கள் ஒரு பாதத்தை உருவாக்கினர். காலணியின்றி நடக்கவும், நீரில் இறங்கவும், குந்தி அமரவும் அது உதவியது. மருத்துவரின் கல்வியும் கைவினைஞரின் அநுபவமும் கூடியதன் பயனே 'ஜெய்ப்பூர் கால்'.

நமக்கு அண்மையிலுள்ள வேலூரிலும் ஓர் அரிய வரலாறு உண்டு. அங்கே மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் நேர்ந்த விபத்தினால் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே, தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். பின்னர் நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவரது முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றியது.

பெங்களூரும் பின்தங்கவில்லை. தாமும் உடற்குறையுடையவரான என். எஸ். ஹேமா அம்மையார் 1959-இல் அங்கு 'அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசெபிலிட்டி' என்னும் சங்கத்தைத் தொடங்கினார். 1994-இல் 'மொபிலிட்டி இந்தியா' என்னும் நிறுவனமும் எழுந்தது. துன்பத்தை நேரிற் கண்டவர் முன்னின்ற இடங்களில் கருவி பொருத்தமாய் அமைந்தது என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறுவது.

அரசும் தன் கடமையை மேற்கொண்டது. செயற்கை உறுப்புகள் செய்யும் 'அலிம்கோ' என்னும் பொதுத்துறை நிறுவனம் 1972-இல் கான்பூரில் நிறுவப்பட்டது. கருவிகள் பெறுவதற்கு உதவும் மத்திய அரசின் 'அடிப்' திட்டம் 1981-இல் வந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உதவியை உரிமையாக்கியது.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் அச்சட்டத்தின் ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும். ஊனச் சான்றிதழ் ஓரிடத்தில் வழங்கப்பட்டாலும் நாடெங்கும் செல்லும் என்கிறது அது. சேலத்தில் பெற்ற சான்றிதழ் எல்லை தாண்டியதும் வெறுந்தாளாகிவிடுவதில்லை. மாநில அரசுகள் தத்தம் திட்டங்களுக்கு வேறு நிபந்தனைகள் விதிப்பதுண்டு. சான்றிதழின் செல்லுபடி அதனாற் குறைவதில்லை. இஃதறியாமல், 'நம் ஊருக்குப் போனபின் பார்த்துக்கொள்வோம்' என்று காலங்கடத்துவோர் உளர். வளரும் குழந்தைக்கு அந்தக் காலதாமதம் பெருநஷ்டம். ஆண்டுதோறும் வளரும் காலுக்குச் செயற்கைக்காலை மீண்டும் மீண்டும் அளந்து மாற்றவேண்டும். செவிக்கருவி தாமதித்தால் பேச்சும் தாமதிக்கும்.

ஆதலின், நம் தெருவில் இத்தகையவர் ஒருவர் இருப்பின், அவரது சான்றிதழைத் தேடி எடுக்கவும், அளவெடுக்கும் இடத்திற்கு அழைத்துச் செல்லவும் நாம் முன்வருவோமாக. கருவியைச் செய்தவர்கள் தம் பணியைச் செய்து முடித்தனர். அதனை உரியவரிடம் சேர்ப்பிக்கும் பணி நம்முடையது.