கடல் தாண்டாத பணம்

கைமாற்று வாங்கியே பழகிய எழுத்தாளனுக்குக் கடனின் சரித்திரம் எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இது கதையைப் போன்ற சரித்திரம்.

யுத்தத்தில் நொறுங்கிய ஜெர்மனியில், 1948 ஜூனில் மேற்குப் பகுதிக்குப் புது மார்க் வரும்வரை, பல இடங்களில் சிகரெட்தான் பணமாக நடமாடியது. ஆலையில் யந்திரம் இருந்தாலும் பஞ்சு இல்லை. பஞ்சு வாங்க டாலர் இல்லை. மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கப் பஞ்சு வந்து இறங்கியது. விற்றவனுக்கு அமெரிக்க சர்க்காரே டாலர் கொடுத்துவிட்டது. ஆனால் ஆலைக்காரருக்குப் பஞ்சு இனாம் அல்ல. விலையை மார்க்காகக் கட்டினார். சூட்சுமமே இங்குதான். அந்த மார்க் கடல் தாண்டவில்லை. உள்நாட்டிலேயே தனிக் கணக்கில் சேர்ந்தது. பிராங்க்பர்ட்டில் 1948-இல் தோன்றிய புனர்நிர்மாணக் கடன் வங்கி அதிலிருந்து சுரங்கங்களுக்கும் மின்சார நிலையங்களுக்கும் கடன் கொடுத்தது. சிறு தொழில்காரரின் முறை பிறகுதான் வந்தது. எந்த ஊரில்தான் அவர் வரிசையின் முன்னால் நின்றார்?

பிரிட்டன் தன் கணக்கில் சேர்ந்ததில் பெரும்பகுதியைப் பழைய கடனில் வரவு வைத்துவிட்டது. அதைத் தவறென்று சொல்லமாட்டேன்; ஆனால் பணம் அத்துடன் முடிந்தது. ஜெர்மனியில் கொடுத்தது திரும்பியது, திரும்பியது மறுபடி போயிற்று. 1953-இல் லண்டனில் அமெரிக்கா தன் பாக்கியைக் குறைத்துக்கொண்டது. அதையும் ஜெர்மனி அடைத்துவிட்டது. நிதி மட்டும் தீரவில்லை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் இன்றும் அதிலிருந்து கடன் வாங்குகிறார்கள்.