உறங்காத கோபுரங்கள்: அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டாளர்களின் பணி அட்டவணை

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் விமான நிலையத்தில், 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் தேதி அதிகாலை 6 மணி கடந்து சில நிமிடங்களில், 50 பேருடன் புறப்பட்ட காம்எயர் நிறுவனத்தின் பயணிகள் விமானம் ஒன்று தவறான ஓடுபாதையில் ஓடியது. அந்த ஓடுபாதையின் நீளம் சுமார் 3,500 அடி மட்டுமே. சுமார் 7,000 அடி நீளமுள்ள மற்றொரு ஓடுபாதையிலிருந்தே அது புறப்பட்டிருக்க வேண்டும். மேலெழ முடியாமல் நொறுங்கிய விமானத்தில் துணை விமானி ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். ஏனைய 49 பேரும் உயிரிழந்தனர்.

விமானிகளின் தவறே விபத்துக்குக் காரணம் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. ஆனால் விசாரணையின்போது வேறொரு விவரமும் வெளிவந்தது. அன்றிரவு கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர்தான் பணியில் இருந்தார். முந்தைய நாள் காலை 6.30 மணி முதல் பிற்பகல் 2.30 மணி வரை பணியாற்றிய அவர், அதே நாள் இரவு 11.30 மணிக்கு மீண்டும் பணிக்கு வந்திருந்தார். இடைப்பட்ட 9 மணி நேரத்தில் அவர் உறங்கியது சுமார் 2 மணி நேரமே.

இதில் விதிமீறல் எதுவும் இருக்கவில்லை. இரண்டு பணிமுறைகளுக்கு இடையில் குறைந்தது 8 மணி நேர ஓய்வு தரப்பட வேண்டும் என்பதே அப்போதைய விதி. அவருக்கு அதைவிட ஒரு மணி நேரம் அதிகமாகவே கிடைத்திருந்தது. விதிப்படி வகுக்கப்பட்ட ஒரு பணி அட்டவணை, மனித உடலுக்கும் ஏற்றதாக அமைகிறதா என்ற கேள்வியை 24 மணி நேரமும் இயங்கும் இந்த அரசுத் துறை அன்று முதல் எதிர்கொண்டு வருகிறது.

ஐந்து பணிமுறைகள், 87 மணி நேரம்

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் மிகப் பெரும்பாலானோர், மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கீழ் பணியாற்றும் அரசு ஊழியர்கள். ஷிப்ட் எனப்படும் பணிமுறைகளை இவர்களுக்கு ஒதுக்குவதில் நெடுங்காலமாக வழக்கில் இருந்து வந்தது 'இரண்டு-இரண்டு-ஒன்று' என்ற ஏற்பாடு. இரண்டு நாள் பிற்பகல் பணி, அடுத்த இரண்டு நாள் காலைப் பணி, இறுதியாக ஒரு நள்ளிரவுப் பணி என்பது இதன் அமைப்பு. ஊழியர்கள் இதனை 'ராட்லர்' என்று அழைக்கின்றனர். வாலை ஆட்டி ஒலி எழுப்பும் அமெரிக்க நச்சுப் பாம்பின் பெயர் அது. சுருண்டு திரும்பி வந்து கடிக்கும் என்பதால் அட்டவணைக்கு அந்தப் பெயர் வந்தது.

உதாரணமாக, ஒருவர் திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பணியைத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடிக்கிறார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை பணி. புதன்கிழமை காலை 7 மணிக்கே வர வேண்டும். வியாழக்கிழமை காலை 6 மணிக்கு வந்து பிற்பகல் 2 மணிக்கு முடித்துவிட்டு, அன்றிரவே 10 மணிக்கு மீண்டும் வந்து வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வீடு திரும்ப வேண்டும்.

ஒரு வாரத்திற்குரிய 40 மணி நேரப் பணி, இவ்வாறு 87 மணி நேர இடைவெளிக்குள் அடைக்கப்படுகிறது. செவ்வாய் இரவுக்கும் புதன் காலைக்கும் இடையே கிடைப்பது 9 மணி நேரம். வியாழக்கிழமை பகலுக்கும் இரவுக்கும் இடையே கிடைப்பது 8 மணி நேரம். வீட்டுக்குச் சென்று திரும்பும் பயணம், உணவு, குளியல், பிள்ளைகளைக் கவனித்தல் ஆகிய அனைத்தும் இதற்குள்ளேயே முடிய வேண்டும். எஞ்சிய நேரமே உறக்கத்திற்கு உரியது.

ஊழியர்களே விரும்பிய ஏற்பாடு

இந்த அட்டவணையை நிர்வாகம் மட்டும் திணித்துவிட்டதாகக் கூற இயலாது. கட்டுப்பாட்டாளர்களில் பலர் இதனை விரும்பியே ஏற்றுக்கொண்டனர். மேற்கண்ட உதாரணத்தில், வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வெளியேறுபவர் அடுத்த திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்கு வந்தால் போதும். தொடர்ச்சியாக 81 மணி நேரம் அவருக்கு விடுமுறை கிடைக்கிறது. வாரத்தில் ஒரே ஓர் இரவை மட்டும் பணியில் கழித்துவிட்டு, மூன்று நாட்களைக் குடும்பத்தோடு கழிக்க முடிகிறது.

நிர்வாகத்திற்கும் இதில் ஆதாயம் உண்டு. எவரும் விரும்பாத நள்ளிரவுப் பணி எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. இரவுக்கென்று தனியாக ஆட்களை நியமிக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. கடினமான ஐந்து பணிமுறைகளைத் தந்து நீண்ட விடுமுறையைப் பெற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாடு, இரு தரப்புக்கும் நியாயமான ஒப்பந்தமாகவே தோன்றியது. ஆனால் இதனால் ஏற்படும் ஆபத்தில் பெரும்பங்கைச் சுமப்பவர்கள் ஒப்பந்தத்தில் இடம்பெறாத மூன்றாம் தரப்பினர், அதாவது விமானப் பயணிகள்.

உடலின் கடிகாரம்

மனித உடலில் உறக்கத்தையும் விழிப்பையும் நிர்ணயிக்கும் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்ட சுற்றைக் கொண்டது. எனவே வழக்கத்தைவிடத் தாமதமாக உறங்கப் போவது எளிது. முன்கூட்டியே உறங்கப் போவது கடினம். காலைப் பணியிலிருந்து பிற்பகல் பணிக்கும், அதிலிருந்து இரவுப் பணிக்கும் முன்னோக்கிச் செல்லும் சுழற்சி உடலுக்கு ஒப்பீட்டளவில் இசைவானது என்று உறக்கவியல் நிபுணர்கள் கூறுவது இதனால்தான். ராட்லர் அட்டவணையோ இதற்கு நேர் எதிரான திசையில் சுழல்கிறது. ஒவ்வொரு பணிமுறையும் முந்தையதைவிடச் சீக்கிரமாகத் தொடங்குகிறது.

வியாழக்கிழமை பிற்பகலில் வீடு திரும்புபவர், உடல் விழித்திருக்க விரும்பும் நேரத்தில் உறங்க முயல்கிறார். பின்னர், உடலின் விழிப்புநிலை மிகவும் தாழ்ந்திருக்கும் அதிகாலை நேரத்தில் ராடார் திரையைக் கவனிக்கிறார். தொடர்ச்சியாக 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத அளவு மது கலந்தவரின் செயல்திறனுக்கு இணையாகக் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இதன் பாதிப்பு பணியிடத்தோடு நின்றுவிடுவதில்லை. உடலின் உள்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய காரணிகளின் பட்டியலில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007ஆம் ஆண்டில் சேர்த்தது. 2019இல் மீளாய்வு செய்த பின்னரும் அந்த முடிவை அது மாற்றவில்லை.

நாசா ஆய்வின் முடிவுகள்

லெக்சிங்டன் விபத்தைத் தொடர்ந்து, கட்டுப்பாட்டாளர்களின் களைப்பைக் குறைக்கும் வகையில் அட்டவணைகளை மாற்றியமைக்குமாறு பாதுகாப்பு வாரியம் 2007ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இதன் பின்னர், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா ஒரு விரிவான ஆய்வை மேற்கொண்டது. 3,000க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 200க்கும் மேற்பட்டோரின் உறக்கமும் விழிப்புநிலையும் நேரடியாகக் கண்காணிக்கப்பட்டன.

கண்காணிக்கப்பட்டவர்கள் பணி வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 5.8 மணி நேரமே உறங்கினர் என்று அந்த ஆய்வு கண்டறிந்தது. நள்ளிரவுப் பணிக்கு முன்னர் அவர்கள் உறங்கியது சராசரியாக 3.1 மணி நேரம் மட்டுமே. இந்த முடிவுகள் பொதுமக்களின் பார்வைக்கு வர 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எட்டிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து பத்து

இதற்கிடையே, 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் தலைநகர் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில், கோபுரத்தில் தனியாக இருந்த கட்டுப்பாட்டாளர் உறங்கிவிட்டார். இரண்டு பயணிகள் விமானங்கள் கோபுரத்தின் உதவியின்றித் தாமாகவே தரையிறங்கின. அவர் ராட்லர் அட்டவணையில் இருந்தவர் அல்லர். தொடர்ந்து நான்காவது இரவாகப் பணியாற்றிக் கொண்டிருந்தவர். தொடர்ச்சியான இரவுப் பணியும் தனக்கே உரிய ஆபத்தைக் கொண்டது என்பதை இச்சம்பவம் உணர்த்தியது.

அடுத்த சில வாரங்களில் இத்தகைய மேலும் சில சம்பவங்கள் வெளியாகின. விமானக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர் பதவி விலகினார். இரவில் ஒருவர் மட்டுமே பணியில் இருந்த நிலையங்களில் இரண்டாவது கட்டுப்பாட்டாளர் நியமிக்கப்பட்டார். பணிமுறைகளுக்கு இடையிலான குறைந்தபட்ச ஓய்வு 8 மணியிலிருந்து 9 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. ஆனால் லெக்சிங்டன் கட்டுப்பாட்டாளருக்கு 2006ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்த ஓய்வும் இதே 9 மணி நேரம்தான். இரவுப் பணியின்போது முறையாகச் சிறிது நேரம் உறங்க அனுமதிக்கலாம் என்ற நிபுணர்களின் யோசனையை அன்றைய போக்குவரத்து அமைச்சர் ரே லஹூட் நிராகரித்தார். உறங்குவதற்கு அரசு ஊதியம் தராது என்பது அவரது நிலைப்பாடு.

2023ஆம் ஆண்டில், விமானங்கள் ஒன்றோடொன்று மோதும் நிலைக்கு மிக அருகில் வந்த சம்பவங்கள் கவலை அளித்ததை அடுத்து, உறக்கவியல் நிபுணர்கள் மூவர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து, பணிமுறைகளுக்கு இடையே 10 மணி நேரமும், நள்ளிரவுப் பணிக்கு முன்னும் பின்னும் 12 மணி நேரமும் ஓய்வு கட்டாயமாக்கப்படும் என்று 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அறிவிக்கப்பட்டது. இதன்படி பார்த்தால், மேலே கூறப்பட்ட அட்டவணையில் செவ்வாய் இரவின் 9 மணி நேர இடைவெளியும், வியாழக்கிழமையின் 8 மணி நேர இடைவெளியும் இனி செல்லாது.

எனினும் கட்டுப்பாட்டாளர் சங்கம் இதனை உடனடியாக வரவேற்கவில்லை. ஏற்கனவே ஆட்பற்றாக்குறை நிலவும்போது ஓய்வு நேரத்தை மட்டும் கூட்டினால் அட்டவணையில் வெற்றிடங்கள் உருவாகும். அவற்றை நிரப்ப மேலும் கட்டாய மேலதிக நேரப் பணி தேவைப்படும். களைப்பும் அதிகரிக்கும் என்று அது எச்சரித்தது. பின்னர் ஜூலை மாதத்தில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. அடுத்தடுத்து மேலதிக நேரப் பணி ஒதுக்கப்படுவதற்கும் அதில் வரம்பு விதிக்கப்பட்டது.

பற்றாக்குறையின் வேர்

சங்கத்தின் அச்சத்திற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுமார் 13,000 கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வாரத்திற்கு 32 மணி நேரப் பணி என்பது அவர்களது கோரிக்கைகளில் ஒன்று. பணிக்குத் திரும்ப மறுத்த 11,000க்கும் மேற்பட்டோரை அதிபர் ரொனால்ட் ரீகன் பணிநீக்கம் செய்தார். அதன் பின்னர் மொத்தமாகச் சேர்க்கப்பட்டவர்கள், பின்னாளில் மொத்தமாகவே ஓய்வு பெறும் நிலையை எய்தினர். இப்பணியில் 56 வயதில் கட்டாய ஓய்வு. புதியவர் ஒருவர் முழுத் தகுதி பெறப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2020இல் கோவிட் தொற்றால் பயிற்சியும் தடைப்பட்டது.

மிக முக்கியமான 26 மையங்களில் 20 மையங்கள், இருக்க வேண்டிய ஆள்பலத்தில் 85 சதவீதத்தையும் எட்டவில்லை என்று போக்குவரத்துத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் 2023ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார். நியூயார்க் வட்டாரத்தின் ராடார் மையத்தில் இருந்தது 54 சதவீத ஆள்பலமே. சட்டப்படி ஒருவர் தொடர்ச்சியாக 10 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றக் கூடாது. ஏழு நாட்களுக்கு ஒரு முறை 24 மணி நேர விடுப்பு தரப்பட வேண்டும். இந்த உச்சவரம்பே பல இடங்களில் வழக்கமான பணி நேரமாகிவிட்டது. 10 மணி நேரம் வீதம் வாரத்தில் ஆறு நாட்கள், அதாவது 60 மணி நேரம், பணியாற்றுவோர் பலர் உள்ளனர்.

நீண்ட விடுமுறைக்காக ஏற்கப்பட்ட அட்டவணையின் சமநிலை இங்குதான் குலைந்தது. விடுமுறை நாட்களில் ஒன்று மேலதிக நேரப் பணிக்குச் சென்றுவிட்டது. கடினமான பணிமுறைகள் மட்டும் எஞ்சின. 2025ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் 43 நாட்கள் நீடித்த அரசு முடக்கத்தின்போது, இவர்கள் ஊதியமின்றியே பணிக்கு வர வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறை தீவிரமடைந்து, 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைக்க அரசு உத்தரவிட நேர்ந்தது.

மருத்துவமனை, சிறைச்சாலை, காவல் நிலையம், மின்நிலையம் என்று இரவு பகலாக இயங்கும் எந்த அரசுப் பணியிடத்துக்கும் இந்த அனுபவம் பொருந்தும். பணிமுறைகளை நெருக்கி அடுக்குவதால் ஆட்களின் எண்ணிக்கை கூடிவிடுவதில்லை; இருப்பவர்களின் உறக்கமே குறைகிறது. ஓய்வுக்கான விதி 8 மணியிலிருந்து 10 மணியாக உயர சுமார் 18 ஆண்டுகளும் பல விசாரணைகளும் தேவைப்பட்டன. அந்தப் பத்து மணி நேரம் உண்மையிலேயே ஓய்வாக அமைய வேண்டுமானால், வீட்டுக்குச் செல்பவரின் நாற்காலியில் அமர வேறொருவர் இருக்க வேண்டும்.